கொசஸ்தலை ஆற்றுப்படுகை: நீர்ப் பற்றாக்குறையும் ஊரக வாழ்வாதாரமும்

கொசஸ்தலையாறு சுமார் 136 கி.மீ. நீளமுள்ளது. திருவள்ளூர் மாவட்டத்தைக் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தில் வங்கக் கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் பெருகி, கோடையில் வறண்டுவிடும். சென்னை நகரின் குடிநீரும் மீஞ்சூர், பொன்னேரி வட்டார உழவும் நெடுங்காலமாக இப்படுகையைப் பங்கிட்டு வந்துள்ளன.

ஏரிகள்

1872-இல் புழல் ஏரித் தண்ணீர் சென்னை நகருக்கு வந்தது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டு கொசஸ்தலை நீரைச் சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பியது. 1944-இல் ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. நகர மேயராக இருந்து அதற்கு முயன்ற சத்தியமூர்த்தியின் பெயர் பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. பாசன ஏரிகள் நகரின் குடிநீர் ஏரிகளாக மாறின; கடைமடை உழவர்கள் கிணற்றை நம்பத் தொடங்கினர்.

கிணற்று வயல்கள்

ஆற்றோரம் மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காகக் கிடப்பதால் நிலத்தடி நீர் தாராளமாகச் சுரந்தது. 1960-களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. மீஞ்சூர் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்றது. நகரமும் ஆலைகளும் உழவர்களும் ஒரே ஊற்றை உறிஞ்சியதால் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கி, கடல்நீர் உள்ளே புகுந்தது. பின்னாளைய ஆய்வுகள் அதன் தாக்கத்தைக் கரையிலிருந்து 10 கி.மீ.க்கும் அப்பால் கண்டன. உவர்நீர் பாய்ந்த வயலில் வெயில் ஏற ஏற உப்புப் பூக்கும். நெற்பயிரின் நுனி கருகும். ஆற்று மணல் அள்ளியதும் நீர் ஊறுவதைக் குறைத்தது.

தண்ணீர் விற்பனை

1987-இல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆனாலும் 2000-களின் தொடக்க வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியமே பாசனக் கிணறுகளிலிருந்து விலைக்குத் தண்ணீர் எடுத்தது. கிணறு வைத்திருந்தவருக்கு அது நிச்சய வருமானம். நடவும் களையெடுப்பும் குறைந்ததால் கூலி இழந்த நிலமற்றோருக்கு அதில் பங்கில்லை. பக்கத்துக் கிணற்றுக்காரரின் நீர்மட்டமும் இறங்கியது.

மாற்று வழிகள்

ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் பெற 1983-இல் ஆந்திரத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. நீர் பூண்டிக்கு 1996-இல்தான் வந்தது. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. 2019-இல் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதே ஆண்டு கொடுங்கையூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வழங்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

மதிப்பீடு

ஆலைகள் கழிவுநீருக்கு மாறினால் அந்த அளவு நன்னீர் மிஞ்சும். அது நிலத்தடி நீர் மீள ஒரு வழி. ஆனால் ஊற்றில் ஒருமுறை ஏறிய உப்பு ஓரிரு மழையில் கழுவிப்போவதில்லை. நகரின் தாகம் தீர்ந்த கணக்கில் கடைமடை உழவரின் இழப்பு இன்னும் எழுதப்படவில்லை.