சுவார்ட்ஸ் மேல்நிலைப் பள்ளி, இராமநாதபுரம்

சுவார்ட்ஸ் மேல்நிலைப் பள்ளி தமிழ்நாட்டின் இராமநாதபுரம் நகரில் அமைந்துள்ள ஒரு பள்ளி ஆகும். 1785ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட இது, தென்னிந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கென ஏற்பட்ட மிகப் பழைய பள்ளிகளுள் ஒன்று. இதனைத் தோற்றுவித்தவர் ஜெர்மானிய லூத்தரன் மறைப்பணியாளரான கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஆவார். எனினும் பள்ளி இன்று லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்ததன்று. தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் பேராயத்தைச் சேர்ந்தது. இந்தியக் குடியரசின் முன்னாள் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் (1931–2015) இங்குப் பயின்றவர்.

நிறுவனரின் பெயர் தமிழில் ஷ்வார்ட்ஸ், ஸ்வார்ட்ஸ், சுவார்ச்சு எனப் பலவாறு எழுதப்படுகிறது. பள்ளியின் பெயரும் அவ்வாறே வேறுபட்டுக் காணப்படும்.

நிறுவனர்

சுவார்ட்ஸ் 1726இல் பிரான்டன்பர்க் பகுதியிலுள்ள சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது போலந்து நாட்டில் உள்ளது. அவர் பயின்ற ஹாலே நகரம், ஃபிராங்கே என்பவர் நிறுவிய அனாதை இல்லத்துக்கும் அதனைச் சூழ்ந்த பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த ஷுல்ட்சே தமிழ் விவிலியத்தை அச்சிடும் முயற்சிக்கு உதவியாகத் தமிழ் கற்குமாறு அவரைத் தூண்டினார். ஆகவே தமிழ்நாட்டைக் காணும் முன்னரே அவருக்குத் தமிழ் எழுத்துக்கள் அறிமுகமாகியிருந்தன. 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அங்குச் சீகன்பால்கு 1706இல் தொடங்கிய மறைப்பணி, தேவாலயத்தோடு தமிழ்ப் பள்ளியையும் அச்சுக்கூடத்தையும் சேர்த்தே வளர்த்திருந்தது.

பின்னர் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் பணியாற்றினார். பாரசீகம், மராத்தி, போர்த்துக்கீசம் முதலிய மொழிகளையும் அறிந்திருந்தமையால் அரசவைகளில் அவருக்கு மதிப்பு இருந்தது. 1779இல் சென்னை அரசு அவரை ஐதர் அலியிடம் தூது அனுப்பியது. தஞ்சை மன்னர் துளசாவின் தத்து மகன் சரபோஜிக்கு அவர் பாதுகாவலராகவும் விளங்கினார். 1798 பெப்ரவரி 13ஆம் நாள் தஞ்சாவூரில் காலமானார்.

மறவர் சீமையின் நிலை

பள்ளி தோன்றிய காலத்தில் சேதுபதிகளின் அரசு தன் பழைய வலிமையை இழந்திருந்தது. கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றியவர். அவருடைய ஆட்சியில், 1693இல், ஜான் டி பிரிட்டோ என்னும் இயேசு சபைத் துறவி ஓரியூரில் கொல்லப்பட்டார். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள் அதே சீமையில் வேறொரு கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர் பள்ளி தொடங்க முடிந்தமைக்குக் காரணம் சமய மனப்பான்மையில் ஏற்பட்ட மாற்றம் மட்டுமன்று. 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றின. இளம் வயதினரான முத்துராமலிங்க சேதுபதி திருச்சிராப்பள்ளியில் சிறை வைக்கப்பட்டார். 1780களின் தொடக்கத்திலேயே அரசு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. கிடைத்தபோதும் உண்மையான அதிகாரம் நவாபிடமும் கம்பெனியிடமுமே இருந்தது.

மூன்று பள்ளிகள்

தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடென்ட்டாக இருந்த ஜான் சல்லிவன், தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். சல்லிவனின் நோக்கம் நிருவாகம் சார்ந்தது. அக்காலத்தில் கம்பெனிக்கும் ஊர்ப் பெரியோருக்கும் இடையே துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர் நின்றனர். இரு தரப்பும் அவர்கள் சொல்வதையே நம்ப வேண்டியிருந்தது. உயர்குடிப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றால் இத்தடை நீங்கும் என்று அவர் கருதினார். திட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு சுவார்ட்சிடம் வந்தது. இராமநாதபுரம், சிவகங்கை ஆட்சியாளர்களும் ஆதரவு அளித்தனர்.

இப்பள்ளிகள் தரங்கம்பாடி மரபுப் பள்ளிகளிலிருந்து வேறுபட்டவை. அங்கு ஏழைப் பிள்ளைகள் தமிழில் படிக்கக் கற்பது முதன்மையாக இருந்தது. இங்கோ ஆங்கிலமும் கணக்கும் முன்னின்றன. கிறித்தவ போதனையும் பாடத்தில் இடம்பெற்றது. ஆனால் மாணவரை வஞ்சகமான வழிகளில் மதம் மாற்றக்கூடாது என்பது திட்டத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. சுவார்ட்சும் தம் நோக்கத்தை மறைத்தவரல்லர்.

1787இல் இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் வழங்க ஒப்புதல் அளித்தனர். இந்தியாவில் கல்விக்கென ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று கம்பெனியின் பட்டயச் சட்டம் வகுத்தது 1813இல்தான். ஆகவே 26 ஆண்டுகள் முந்திய இந்த உதவித்தொகை, இந்தியக் கல்வி வரலாற்று நூல்களில் தனியாகக் குறிக்கப்படுகிறது. மறுபுறம், பணம் தந்த அதே கம்பெனி 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் சென்னையில் சிறையிலேயே 1809இல் இறந்தார்.

கைமாற்றம்

சுவார்ட்ஸ் ஜெர்மானிய லூத்தரன் ஆயினும், 1760களின் பிற்பகுதி முதல் அவருடைய பணிக்குப் பொருளுதவி செய்தது இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் என்னும் ஆங்கிலிக்கன் அமைப்பு. போதகர்கள் ஹாலேயிலிருந்தும் பணம் இலண்டனிலிருந்தும் வந்த இவ்வினோத ஏற்பாடு 1820களில் முடிவுற்றது. அப்போது இம்மறைப்பணித் தலங்கள் நற்செய்திப் பரப்புதல் கழகம் என்ற மற்றோர் ஆங்கிலிக்கன் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. இராமநாதபுரம் லூத்தரன் மரபிலிருந்து விலகியது இவ்வாறே. 1919இல் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை உருவானபோது இப்பள்ளி அதன் பகுதியாக இருக்கவில்லை. 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர் முதலியோர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தனர். அதன்பின் பள்ளி அத்திருச்சபையின்கீழ் வந்தது.

அப்துல் கலாமின் பள்ளிப் பருவம்

உயர்குடியினருக்கென வகுக்கப்பட்ட பள்ளி, 1940களில் படகு வைத்திருந்த இராமேசுவரம் குடும்பம் ஒன்றின் பிள்ளைக்கு உயர்நிலைக் கல்வி அளித்தது. தீவில் தொடக்கக் கல்வியை முடித்த கலாம் மேற்படிப்புக்காகப் பாம்பன் நீரிணையைக் கடக்க வேண்டியிருந்தது. இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவு. பாம்பனில் சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது; அதுவரை 1914இல் திறந்த இரயில் பாலமும் படகுகளுமே வழி. எனவே அவர் நகரிலேயே தங்கிப் படித்தார். உறவினர்களான அகமது ஜலாலுதீனும் சம்சுதீனும் உடன் வந்து பள்ளியில் சேர்த்துத் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்தனர்.

தம் தன்வரலாறான அக்கினிச் சிறகுகளில் கலாம் இக்காலத்தை விரிவாக நினைவுகூர்கிறார். வீட்டு நினைவு அவரை வாட்டியது. தாயார் செய்யும் போளிக்காகவே ஊருக்கு ஓடிவிட மனம் ஏங்கிற்று. மாணவருக்குத் தன்னம்பிக்கை ஊட்டியவராக அவர் குறிப்பிடும் ஆசிரியர் இயாதுரை சாலமன் பின்னாளில் போதகரானார். கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர், வேறு வகுப்புக்குள் தவறுதலாக நுழைந்த கலாமைப் பிடித்து எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். பல மாதங்களுக்குப் பின் கணக்கில் அவர் முழு மதிப்பெண் பெற்றபோது, அந்நிகழ்ச்சியைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தாமே எடுத்துக்கூறிப் பாராட்டினார்.

பள்ளிப் படிப்பை முடித்த கலாம் 1950இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். அது ஓரியூரில் உயிர்நீத்த டி பிரிட்டோ சார்ந்திருந்த இயேசு சபையினரின் கல்லூரி ஆகும்.