ஆணைச் சொல்லும் அடிமைச் சொல்லும்

1917ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள். ருஷ்யத் தலைநகராம் பெட்ரோகிராடில், தாவ்ரிதா மாளிகையில், மேசை முன் அமர்ந்து எழுதுகிறார் சொக்கலோவ். அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர் போர்வீரர்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். ஆணைக்கு அடிபணிந்தே பழகியவர்கள் ஆணை பிறப்பிக்கிறார்கள்! அன்று உருவான ஏட்டினைத்தான் வரலாறு ‘முதலாம் எண் ஆணை’ என்று குறிக்கிறது. மறுநாள் மணிமுடி துறந்தான் ஜார் மன்னன் இரண்டாம் நிக்கோலஸ்.

ஏழு விதிகள் கொண்டது அந்த ஆணை. படைப்பிரிவுதோறும் வீரர்கள் தங்கள் குழுவைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. துப்பாக்கியும் எந்திரத் துப்பாக்கியும் அக்குழுக்களின் பொறுப்பில் இருக்கவேண்டும், அதிகாரிகள் கேட்டாலும் கொடுத்தல் கூடாது என்றது. இவை ஆட்சியைப் புரட்டும் விதிகள்; எவருக்கும் புரியும். ஆனால் ஏழாவது விதி? அது துப்பாக்கியைப் பற்றியதன்று, சொல்லைப் பற்றியது. அதிகாரிகளைப் பட்டம் சொல்லி அழைக்கும் வழக்கம் ஒழிக. வீரனை ‘நீ’ என்று விளித்தல் ஒழிக. இதுவே அதன் சாரம்.

நாடே பற்றியெரியும் நேரத்தில் ‘நீ’ என்றால் என்ன, ‘நீங்கள்’ என்றால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆங்கில நூல்களின் வாயிலாகவே ருஷ்ய வரலாற்றைப் பயிலும் நமக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த வீரர்களின் நெஞ்சைச் சுட்ட சொற்கள், ஆங்கிலத்திற்கு வந்து சேர்வதற்குள் ஆறிப் போய்விட்டன. ஆறிய சொல்லைக் கண்டு, சுட்ட புண்ணை அளக்க முடியுமா?

உச்சியிலிருந்தே தொடங்குவோம். ருஷ்யப் பேரரசன் தன் பட்டத்தில் பெருமையோடு பொறித்துக்கொண்ட சொல் ‘சமோதேர்ஷெத்ஸ்’. தானே தாங்கி நிற்பவன் என்பது அதன் சொற்பொருள். முதலில் அது, பிறருக்குத் திறை செலுத்தாத மன்னனைக் குறித்தது. பின்னர், எவருக்கும் விடை சொல்லக் கடமைப்படாதவன் என்று பொருள் வளர்ந்தது. ஆங்கிலத்தில் அச்சொல் ‘ஆட்டோகிராட்’ ஆயிற்று. ஆங்கிலேயன் காதுக்கு அது வசை; ருஷ்ய அரண்மனையிலோ அதுவே வாழ்த்து!

மன்னனுக்குக் கீழே பதினான்கு படிகள். 1722இல் மகா பீட்டர் வகுத்த பதவிப் பட்டியல் அது. படிக்கொரு மதிப்பு, மதிப்புக்கேற்ற விளி. கீழ்ப்படிகளில் இருக்கும் அதிகாரியை ‘வாஷே பிளாகரோதியே’ என்று அழைக்கவேண்டும். ஐந்தாம் படியிலிருக்கும் அலுவலரை ‘வாஷே விசொகரோதியே’ என்று அழைக்கவேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் முதற்சொல்லைப் பெரும்பாலும் ‘யுவர் ஆனர்’ என்று எழுதினர். ‘ஆனர்’ என்றால் மதிப்பு. ஆனால் ருஷ்யச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘பிளாகோ’ என்றால் நன்மை. ‘ரோத்’ என்றால் குலம், பிறப்பு. ‘நற்பிறப்பே!’ என்று கூவி நிற்கிறான் வீரன். மற்றொன்று ‘உயர்பிறப்பே!’ என்பது.

இப்போது விளங்குகிறதல்லவா? அதிகாரியை நற்பிறப்பு என்று விளிக்கும் ஒவ்வொரு முறையும், தன் பிறப்பு நற்பிறப்பன்று என்பதை அந்த உழவன் மகன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். விந்தை என்னவெனில், பணியால் படியேறி வந்தவனுக்கும் இதே பட்டந்தான். பதவி கொடுத்த கையே பிறப்பையும் சேர்த்துக் கொடுத்தது! பிறப்பின் பெயரால் நின்ற ஆணவத்தை, மதிப்பு என்னும் போர்வையிட்டு மூடிவிட்டது ஆங்கிலம்.

மேலே போகும் சொல் இப்படி. கீழே வரும் சொல்? ருஷ்ய மொழியில் ‘தி’ என்றால் நீ. ‘வி’ என்றால் நீங்கள். அதிகாரி வீரனை ‘தி’ என்பான். 1861 வரை பண்ணையாரின் உடைமையாகக் கிடந்த பண்ணையடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே பெரும்பாலும் அப்படையை நிரப்பினர். பண்ணையில் கேட்ட அதே ‘தி’, படைவீட்டிலும் கேட்டது. சட்டம் அறுத்த சங்கிலியைச் சொல் அறுக்கவில்லை.

இதனை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அங்கே மன்னனுக்கும் ‘யூ’, மாட்டுக்காரனுக்கும் ‘யூ’. பழைய ‘தௌ’ வழக்கொழிந்து வழிபாட்டுக்கும் பாட்டுக்கும் உரியதாயிற்று. அந்த நாட்டிலும் இச்சிறு சொல்லுக்காகத் துன்பப்பட்டவர்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் வழிவந்த குவேக்கர்கள், நீதிபதியையும் ‘தௌ’ என்றே விளித்து அடியும் சிறையும் ஏற்றனர். எல்லோரையும் ‘நீ’ என்போம் என்றனர் அவர்கள். எங்களையும் ‘நீங்கள்’ என்று சொல் என்றனர் ருஷ்ய வீரர்கள். வழி வேறு, வேட்கை ஒன்றே.

விளிதான் இப்படியென்றால் விடையோ அதனினும் கொடிது. ஆம், இல்லை என்று இயல்பாகச் சொல்ல வீரனுக்கு உரிமையில்லை. ‘தாக் தோச்னோ’, அதாவது ‘மிகச் சரியாக அப்படியே’ என்னவேண்டும். தெரியாததைத் தெரியாது என்னலாகாது. ‘அறிய இயலாதவன்’ என்னவேண்டும். ஆணை பெற்றதும் சொல்லும் சொல் ‘ஸ்லூஷாயுஸ்’. கேட்டல் என்னும் வேரிலிருந்து பிறந்தது அது; கேட்கிறேன், ஆகவே பணிகிறேன் என்று பொருள். ஆங்கிலத்தின் ‘ஒபே’ என்னும் சொல்லும் இலத்தீனில் கேட்டலிலிருந்தே பிறந்தது. ஆயினும் அதை இன்று எவரும் உணர்வதில்லை. ‘சொன்னபடி கேள்’ என்று பிள்ளைகளை அதட்டும் நமக்கு அந்த உறவு உடனே புலப்படும். அடங்கியவனுக்குக் காது மட்டுமே உண்டு, வாய் இல்லை என்பதை இச்சொற்கள் எவ்வளவு தெளிவாகக் காட்டுகின்றன!

அதனால்தான் துப்பாக்கிக்கு ஒரு விதியும் சொல்லுக்கு ஒரு விதியும் எழுதினர் அந்த வீரர்கள். நான்கே நாட்களில், மார்ச்சு 18ஆம் நாள், தற்காலிக அரசின் போர் அமைச்சர் குச்கோவும் தம் 114ஆம் எண் ஆணையில் அதற்கு இணங்க நேர்ந்தது. அதுவரை ‘கீழ்ப்படியினர்’ என்று ஏடுகளில் குறிக்கப்பட்டவர்கள், அன்றுமுதல் ‘வீரர்’ ஆயினர். ‘நற்பிறப்பு’ மறைந்து, திருவாளர் தளபதி, திருவாளர் அதிகாரி என்ற அளவோடு விளி நின்றது.

சொல் மாறினால் எல்லாம் மாறிவிடுமோ எனில், இல்லை. 1917 இறுதியில் படைப் பதவிப் பெயர்கள் அனைத்தையும் ஒழித்தது புரட்சி அரசு. ஆயினும் ‘அதிகாரி’ என்னும் சொல் 1943இல் தோள்பட்டைச் சின்னத்தோடு திரும்பி வந்தது. மக்கள் கமிசார் என்றிருந்தவர் 1946இல் மீண்டும் அமைச்சரானார். தோழர் என்று அழைத்த வாயே கொடிய ஆணைகளையும் பிறப்பித்தது. எனினும் அந்த ஆட்சியில் ‘நற்பிறப்பு’ திரும்பவேயில்லை. படைவிதிகளில் ‘வி’ நிலைத்தது. போராடிப் பெற்ற சொல் எளிதில் போய்விடுவதில்லை.

மொழிபெயர்ப்போர்க்கு இதில் பாடம் உண்டு. ஆணைச் சொல்லைப் பெயர்க்குமுன், அதன் பொருள் யாதெனக் கேட்டால் மட்டும் போதாது. யார், யாரிடம், எந்தப் படியில் நின்று சொன்னது எனவும் கேட்டல் வேண்டும். ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி தமிழுக்கு உண்டு. ‘நீ’யும் ‘நீங்க’ளும் நம் நாவிலேயே இருக்கின்றன. ஏழாவது விதியின் சூட்டை ஆறாமல் தமிழருக்குத் தரலாம், தருதல் வேண்டும். அந்தச் சூட்டை உணர்ந்தவர், தம் எதிரே கைகட்டி நிற்பவரை ‘நீ’ என்று விளிக்குமுன் ஒரு கணமேனும் தயங்குவர்.