யூக்ளிடின் வரிசை எண்கள்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வடிவியல் பாடம் என்றாலே யூக்ளிடின் ‘எலிமென்ட்ஸ்’தான். மாணவர்களின் தர்க்கப் புத்தியைத் தீட்டுவதற்கே அந்தப் பாடம் என்று சொல்லிக்கொண்டார்கள். நடந்ததோ பெரும்பாலும் மனப்பாடம். தேற்றத்தின் எண்ணைச் சொன்னால் நிரூபணத்தைப் படத்தின் எழுத்துகளோடு ஒப்பிக்க வேண்டும். 1903இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளில் யூக்ளிடின் தேற்ற வரிசை கட்டாயமில்லை என்று விட்டது தர்க்கத்துக்கு இழப்பு அல்ல. தர்க்கம் வகுப்பறைக்குள் நுழைய வழி கிடைத்ததே அப்போதுதான் என்பது என் கட்சி.

முதல் புத்தகத்தின் ஐந்தாம் தேற்றத்தையே எடுத்துக்கொள்வோம். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம், விஷயம் அவ்வளவுதான். இதற்காக யூக்ளிட் இரு பக்கங்களையும் கீழே நீட்டி, சம தூரத்தில் புள்ளிகள் வைத்து, குறுக்கே கோடுகள் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் முக்கோணங்களை இரண்டு முறை ஒப்பிட்டு, கடைசியில் கோணத்திலிருந்து கோணத்தைக் கழிக்கிறார். இதற்குக் ‘கழுதைப் பாலம்’ என்று பட்டப்பெயரே உண்டு. உச்சிக்கோணத்தை இரண்டாக வெட்டினால் சட்டென்று முடியுமே என்று ஒருவன் கேட்கலாம். ஆனால் கோணத்தை வெட்டும் முறை ஒன்பதாவதில்தான் வருகிறது. அது எட்டாவதை நம்பியிருக்கிறது, எட்டாவது ஏழாவதை, ஏழாவதோ இதே ஐந்தாவதை. சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்போம். இந்தச் சுழலைத் தானே கண்டுபிடித்த மாணவன் தர்க்கம் படித்தவன். ஒப்பித்தவனுக்கு அது கண்ணிலேயே படாது. வரிசையைக் குலைக்காமலே குறுக்குவழியும் உண்டு. 4ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் அதே முக்கோணத்தை இடம் வலம் மாற்றி அதனோடேயே ஒப்பிட்டார். நான்காம் தேற்றம் ஒன்றே போதுமானதாயிற்று.

1869இல் எக்ஸிட்டரில் கணித மேதை சில்வெஸ்டர் யூக்ளிடைப் பள்ளியிலிருந்து அகற்றச் சொன்னார். 1871இல் ஆசிரியர்கள் அந்த மாற்றத்துக்காகச் சங்கமே அமைத்தார்கள். எதிர்த்தவர்களில் கூர்மையானவர் லூயிஸ் கரோல் என்ற பெயரில் ஆலிஸ் கதை எழுதிய ஆக்ஸ்போர்டு ஆசிரியர் சார்ல்ஸ் டாட்ஜ்சன். 1879இல் இதற்கென்றே நாடக வடிவில் ஒரு நூல் போட்டார். ஆளுக்கொரு வரிசை வைத்தால் எதை நிரூபித்தோம், எதை அனுமானித்தோம் என்று தேர்வாளருக்கு எப்படித் தெரியும் என்பது அவர் தரப்பின் வாதம். அற்பமான கேள்வியல்ல, மேலே கண்ட சுழலே அதற்குச் சாட்சி. ஆனால் எந்த வரிசையானாலும் முன்பின் முரணில்லாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதானே திருத்துபவரின் வேலை? 1903இன் விதி அதைத்தான் கேட்டது: முறையான ஒரு பாட அமைப்புக்குள் பொருந்தும் எந்த நிரூபணமும் செல்லும். இன்னொரு குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். 1901இல் பொறியாளர் ஜான் பெர்ரி அளந்தும் வரைந்தும் கற்பிக்கச் சொன்ன பிறகு, அளவுகோல் நிரூபணத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் ஆபத்து நிஜமாகவே இருந்தது.

அது நேராமல் எழுத முடியும் என்பதற்கு ஹால், ஸ்டீவன்ஸ் எழுதிய புதிய பாடநூல் எடுத்துக்காட்டு. இந்தியப் பள்ளிகளிலும் புழங்கிய நூல் அது. அடிக்கோணத் தேற்றத்தை அவர்கள் உச்சிக்கோணத்தை வெட்டியே நிரூபிக்கிறார்கள். வெட்டும் கோட்டை வரையச் சொல்லவில்லை, அப்படியொரு கோடு இருப்பதாகக் கொள் என்கிறார்கள். வரையும் முறை தேவைப்படாததால் சுழலும் இல்லை. தேற்றத்தின் தலைப்பில் மட்டும், அடைப்புக்குறிக்குள், யூக்ளிடின் பழைய எண் அப்படியே இருக்கிறது.