ஐயாயிரம் பத்தாயிரமான கதை

2017-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்கிற ஊர். அங்கே பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு க்விட் என்ற செல்போன் செயலிக்காரர்கள் விளம்பரம் கொடுக்க முன்வந்தார்கள். பேசிய தொகை 5,000 டாலர். பையன் பேரத்தை வேறு பக்கம் திருப்பினான். பத்தாயிரமாகக் கொடுங்கள், நான் ஒரு காசு எடுத்துக்கொள்ளாமல் வீடில்லாத ஒருவரிடம் அப்படியே கொடுத்துவிடுகிறேன் என்றான். ஐயாயிரத்தைக் கொடுத்தால் ஆகாதா? ஆகாது. வீடியோவின் தலைப்பில் பத்தாயிரம் என்று இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்பது அவன் கணக்கு. கம்பெனி ஒத்துக்கொண்டது. வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஜிம்மி டொனால்ட்சன் என்ற அந்தப் பையன்தான் மிஸ்டர்பீஸ்ட். 2024 ஜூனில் இந்தியாவின் டி-சீரிஸைத் தாண்டி, யூடியூபிலேயே அதிகச் சந்தாதாரர்கள் கொண்ட சேனல் அவருடையதாயிற்று. காசு கொடுக்கும் வீடியோ என்ற இனம் எங்கே பிறந்தது என்று கேட்டால் நான் அந்தப் பேரத்தைத்தான் காட்டுவேன். அதில் இரக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை, இருந்திருக்கும். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதை முடிவு செய்தது தலைப்பு. வாங்கப்போகிறவருக்கு எவ்வளவு தேவை என்று யாரும் கேட்கவில்லை.

கேமராவுக்கு முன் கொடுப்பது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1945-இல் அமெரிக்க வானொலியில் தொடங்கி, பிறகு 1964 வரை தொலைக்காட்சியில் ஓடிய ‘குயின் ஃபார் எ டே’ என்றொரு நிகழ்ச்சி உண்டு. பெண்கள் மேடையேறித் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். யாருக்குக் கைதட்டல் பலமோ அவருக்குக் கிரீடம், வெல்வெட் அங்கி, கேட்ட பொருள். கைதட்டலை அளக்க ஒரு மீட்டர் வேறு வைத்திருந்தார்கள். துயரத்துக்கு மதிப்பெண் போட்ட முதல் கருவி அதுவாகத்தான் இருக்கும். 2004 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே தன் அரங்கில் இருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு பான்டியாக் கார் கொடுத்தார். கார் பரிசு என்பதால் அதற்கு வருமான வரி உண்டு. ஏழாயிரம் டாலர் வரை கட்ட வேண்டியிருந்தது. இலவசக் காருக்குப் பணம் புரட்ட வேண்டிய நிலை சிலருக்கு. கார்களைக் கொடுத்தது உண்மையில் ஜெனரல் மோட்டார்ஸ் என்பதும் அது புது மாடலுக்கான விளம்பரம் என்பதும் அந்த ஆரவாரத்தில் பலர் காதில் விழவில்லை.

பெயருக்காகக் கொடுப்பது நமக்கும் தெரியாததல்ல. ட்யூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதுகிற ஊர்க்காரர்கள் நாம். ஆனால் அந்த உபயதாரர் போட்டது கைக்காசு. அவருக்குத் திரும்பி வந்தது பெயர் மட்டும். யூடியூபில் கொடுத்த காசே குட்டி போட்டுத் திரும்பி வருகிறது.

இதற்கான வழியைத் திறந்துவிட்டது யூடியூப்தான். எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து வீடியோக்களைப் பரிந்துரைக்க 2012-இல் அது முடிவெடுத்தது. அதே ஆண்டில்தான் பதின்மூன்று வயது டொனால்ட்சன் சேனல் தொடங்கினார். ஐந்து வருடம் எதுவும் பெரிதாக எடுபடவில்லை. 2017 ஜனவரியில் கேமரா முன் உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஒரு லட்சம் வரை எண்ணினார். நாற்பது மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை. அந்தப் பைத்தியக்காரத்தனம்தான் அவரை முதலில் பிரபலமாக்கியது. கடைசியில் என்ன ஆகும் என்ற ஆவல் இருந்தால் ஜனங்கள் நகர மாட்டார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எண்ணிக்கைக்குப் பதிலாகப் பணத்தையும், தன் முகத்துக்குப் பதிலாக முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தையும் வைத்தபோது சூத்திரம் முழுமையடைந்தது. வருமானம் அடுத்த வீடியோவுக்குப் போகும், அதன் தொகை இன்னும் பெரிதாகும். போன முறை பத்தாயிரத்துக்கு வாய் பிளந்தவர் இந்த முறையும் அதற்கே பிளக்க மாட்டார்.

இந்தக் கணக்கில் வாங்குகிறவரும் வேலை செய்கிறார். அதிர்ந்து நிற்பது, கண்ணீர் விடுவது, கட்டிப்பிடிப்பது எல்லாம் படத்தின் உச்சக்காட்சி. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு “ரொம்ப நன்றிங்க” என்று தலையாட்டிவிட்டுப் போனால் வீடியோ தேறாது. 2022-இல் மெல்போர்ன் வணிக வளாகம் ஒன்றில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையில் ஒரு டிக்டாக் இளைஞர் பூங்கொத்தைத் திணித்துவிட்டுப் போனார். கோடிக்கணக்கானோர் பார்த்து உருகினார்கள். அந்தப் பெண்மணியோ, என்னைக் கேட்காமல் படம்பிடித்து, பரிதாபத்துக்குரிய கிழவியாக்கிவிட்டார்கள் என்று ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகமான ஏபிசியிடம் கொதித்தார். அவர் காப்பி குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார், பாவம்.

கொடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பே கூட்டத்தைக் கூட்டிவிடும். 2023 ஆகஸ்ட் 4 அன்று கை செனாட் என்ற நேரலைப் பிரபலம் பிளேஸ்டேஷன் கொடுக்கப்போகிறார் என்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் இளவட்டங்கள் திரண்டன. வண்டிகள் மேல் ஏறினார்கள், கற்களும் பாட்டில்களும் பறந்தன, 65 பேர் கைதானார்கள். அதே ஆண்டு அக்டோபரில், இரண்டு டாலருக்கு ஐபோன் தருவதாகச் செயற்கை நுண்ணறிவால் செய்த போலி மிஸ்டர்பீஸ்ட் ஒருவர் டிக்டாக் விளம்பரத்தில் வந்தார். எந்த முகம் காசு கொடுக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்களோ, அந்த முகத்தைத்தானே திருடன் மாட்டிக்கொள்வான்?

அரசாங்கங்களும் நெளியத்தான் வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் கென்யா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளில் மிஸ்டர்பீஸ்ட் நூறு கிணறுகள் தோண்டிய வீடியோ வந்தது. ஆப்பிரிக்கா என்றாலே கையேந்தும் கண்டம் என்ற பிம்பத்துக்கு மறுபடி சாயம் பூசுகிறார் என்று கென்யாவில் சிலர் கோபப்பட்டார்கள். குடிதண்ணீருக்கு வரி கட்டியும் ஒரு யூடியூபர் வந்து தோண்ட வேண்டியிருக்கிறதே என்று வேறு சிலர் தங்கள் ஆட்சியாளர்களைக் கேட்டார்கள். எனக்கு இரண்டாவது கோபம்தான் பிரயோஜனமானதாகப் படுகிறது.

அதிகம் சண்டை மூட்டியது 2023 ஜனவரியில் வந்த கண் ஆபரேஷன் வீடியோ. அமெரிக்காவிலும் ஜமைக்கா போன்ற நாடுகளிலும் ஆயிரம் பேருக்குக் கண்புரை நீக்கப் பணம் கொடுத்திருந்தார். பத்து நிமிட ஆபரேஷன். கட்டை அவிழ்த்ததும் பார்வை. பார்வையின்மையை ஏதோ ஒழிக்க வேண்டிய அவலம் போலக் காட்டுகிறார் என்று மாற்றுத்திறனாளிகள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. பத்து நிமிடத்தில் தீரும் குறையை அரசுகள் ஏன் தீர்ப்பதில்லை என்று டொனால்ட்சன் பதிலுக்குக் கேட்டார். நல்ல கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் மதுரையில் இருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கட்டணம் செலுத்துவோர் தரும் பணத்திலேயே கட்ட முடியாதவர்களுக்கும் புரை எடுக்கிறார்கள். விலை உயர்ந்த இறக்குமதி லென்ஸ் கட்டுப்படியாகாது என்று 1992-இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். இலவசமாகச் சிகிச்சை பெறுகிறவர் தன் முகத்தை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. கட்டு அவிழ்க்கும்போது அழவில்லை என்றாலும் குற்றமில்லை.

ஆனால் அப்படியொன்றைக் கட்டி எழுப்பப் பல பத்தாண்டுகள் ஆகும். ஜமைக்காவில் பார்வை மங்கித் திண்ணையோடு முடங்கிவிட்ட ஒருவரிடம், உங்கள் ஊரிலும் ஒரு வெங்கடசாமி வரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துவிட்டு ஆபரேஷனைச் செய்துகொள்ளுங்கள் அய்யா என்றுதான் சொல்வேன்.