அசற்றைல்கோலின்: மறதிநோயிலும் சன்னியிலும்

நரம்பு முனையில் சுரந்து அடுத்த உயிரணுவுக்குச் செய்தி கடத்தும் இரசாயனம் அசற்றைல்கோலின். வாயில் உமிழ்நீர் ஊறுவதும் தசை அசைவதும் இதன் வேலை. மூளைக்குள் கவனத்துக்கும் நினைவுக்கும் இதுவே துணை. சில மணி நேரத்தில் மூண்டு பிதற்ற வைக்கும் சன்னிக்கும், ஈழத்துப் பேச்சில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று சொல்லப்படும் மெல்ல வளரும் மறதிநோய்க்கும் பொதுவான சரடாக இதை மருத்துவம் கண்டுகொண்டது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

ஊமத்தைக்கு அந்தச் சரடு முன்பே தெரிந்திருந்தது எனலாம். அதன் விதையிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபொலமினும் அசற்றைல்கோலின் சென்று பற்றும் இடங்களை அடைத்துவிடும். 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் வழிப்போக்கரின் சோற்றில் ஊமத்தை கலந்து கொள்ளையடித்தவர்கள் உண்டு. விதை தின்றவருக்குக் கண்மணி விரியும், நா வறளும், உடல் கொதிக்கும். இல்லாத நூலை விரலால் இழுத்துக்கொண்டு, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருப்பார்.

இரசாயனம் எது என்று தெரிய வெகுகாலமானது. ஹென்றி டேல் 1914இல் அதன் செயலை விவரித்தார். 1921இல் ஒட்டோ லோவி, நரம்பைத் தூண்டித் துடிப்பைத் தணித்த ஒரு தவளை இதயத்தை நனைத்த திரவத்தை இன்னொன்றில் விட்டு, இரண்டாவதன் துடிப்பையும் தணித்துக் காட்டினார். இருவருக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஊமத்தைக்கு நேர் எதிரான நஞ்சை இலங்கை தன் வயல்களிலேயே கண்டது. திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே வெருகல் ஆற்றை அண்டிய ஈச்சிலம்பற்று போன்ற நெல் விளையும் ஊர்களில், போகத்துக்குப் போகம் டாங்கியை முதுகில் சுமந்து மருந்தடிப்பது வழக்கம். அப்படி அடிக்கப்பட்ட மருந்துகளில் பல ஓர்கனோபொஸ்பேற்று வகையைச் சேர்ந்தவை. அசற்றைல்கோலினைச் சிதைத்துத் துப்புரவாக்கும் நொதியை அவை முடக்க, அது உடலெங்கும் தேங்கிவிடும். வியர்வையும் எச்சிலும் வழியும், நெஞ்சில் சளி கரகரக்கும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும்.

மாற்று மருந்து அட்ரோபின், அதாவது ஊமத்தையின் அதே சரக்கு. ஊசி போட்டபின் நெஞ்சுச் சத்தம் தெளிந்ததா, நாடி ஏறியதா, அக்குள் உலர்ந்ததா என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். தெளியாவிட்டால் அளவை இரட்டிப்பார்கள். சற்று மிஞ்சினால் காய்ச்சல் ஏறும், குடல் ஓசை அடங்கும், நோயாளி கட்டிலை விட்டு எழுந்து பிதற்றத் தொடங்குவார். ஒரே வார்டில், ஒரே நோயாளியிடம், ஓர் இரசாயனம் மிஞ்சுவதும் குறைவதும் அடுத்தடுத்துத் தெரியும். எந்தப் பாடநூலும் இவ்வளவு துலக்கமாகக் காட்டிவிடாது. நஞ்சுண்டு ஓரிரு நாளில் தெளிந்தவருக்குப் பிறகு கழுத்துத் தசையும் மூச்சும் தளரும் 'இடைநிலைக் கூட்டறிகுறி'யை 1987இல் உலகுக்கு அறிவித்தவர்கள் இலங்கை மருத்துவர்களான நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். உயிரை மாய்த்துக்கொள்ளவும் பலர் இந்த மருந்துகளைக் குடித்ததால், மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகள் 1995 அளவில் தடைசெய்யப்பட்ட பின் நாட்டின் தற்கொலை வீதம் வெகுவாக இறங்கியது.

மறதிநோயின் கதை வேறு வழியாக வந்தது. 1906இல் அலோயிஸ் அல்சைமர் தம் நோயாளியின் மூளையில் படிவுகளையும் சிக்குண்ட இழைகளையும் கண்டார். இரசாயனக் குறைவு அவர் கண்ணுக்குத் தெரிய வழியில்லை. 1974இல் டிராக்மன், லெவிட் இருவரும் நலமான இளைஞர்களுக்கு ஸ்கோபொலமின் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களின் நினைவு முதியவர்களுடையதுபோலத் தடுமாறியது. 1976இல் டேவிஸும் மலோனியும் அல்சைமர் மூளைகளில் அசற்றைல்கோலினை ஆக்கும் நொதி பெரிதும் குறைந்திருப்பதை அறிவித்தனர்.

இருப்பதையாவது சிதையாமல் காப்போம் என்ற எண்ணத்தில் பிறந்தவையே டாக்ரின் (1993), டொனெபெசில் (1996), ரிவாஸ்டிக்மின் முதலிய மருந்துகள். வயல் மருந்து முடக்கும் அதே நொதியைத்தான் இவையும் தடுக்கின்றன, அளந்து, மென்மையாக. ரிவாஸ்டிக்மின், கார்போபியூரான் என்னும் பூச்சிக்கொல்லியைப்போல கார்பமேற்று வகை. ட்ரைகுளோர்போன் என்ற பெயரில் பூச்சிக்கு அடித்த மெட்ரிபோனேட்டையே அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தசை தளர்ந்து மூச்சு முட்டியதால் 1998இல் கைவிட்டார்கள். நிலைத்த குளிசைகளும் அறிகுறியைச் சற்றுத் தாங்கிப் பிடிக்குமே தவிர, உயிரணு அழிவை நிறுத்துவதில்லை.

அப்படியானால் சன்னிக்கும் இதே குளிசை உதவ வேண்டுமே? 2010இல் நெதர்லாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரிவாஸ்டிக்மின் கொடுத்துப் பார்த்த ஆய்வு, மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாகத் தெரிந்ததால் நடுவில் நிறுத்தப்பட்டது. சன்னியில் டோபமின் என்னும் இன்னொரு மூளை இரசாயனம் மிகுதலும் தொற்றால் எழும் அழற்சியும் சேர்ந்தே குழப்புகின்றன. டோபமினைத் தடுக்கும் ஹலோபெரிடோல் கொந்தளிப்பை அடக்கலாம். ஆனால் லூயி உடல் மறதிநோய் என்னும் வகை உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் உடல் விறைத்து உயிராபத்தாகவும் முடியும்.

மறதிநோயில் அசற்றைல்கோலின் இருப்பு ஏற்கெனவே வற்றியிருப்பதால் முதியவரைச் சாய்க்கச் சிறு தள்ளல் போதும். சிறுநீர்த் தொற்று, உடல்நீர் வற்றல், இடுப்பெலும்பு முறிவுக்கான சத்திரசிகிச்சை ஆகியவை வழக்கமான காரணங்கள். தடிமலுக்கும் சொறிக்கும் பலரும் கேட்டு வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசையும் அப்படியே. அதன் குளோர்பெனிரமின், ஊமத்தையைவிட மெல்லியதாக, அதே பற்றிடங்களை அடைக்கிறது. அதனால்தான் குழம்பிய முதியவரைக் கொண்டுவரும் உறவினரிடம், அவர் எடுக்கும் குளிசை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரும்படி மருத்துவர்கள் கேட்கிறார்கள்.