மூச்சுக்கு ஓர் அளவுகோல்

சைக்கிள் பந்தய வீரர் ஒருவர் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினால் பார்ப்பவர்களிடம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இளைப்பு உள்ளவருக்குப் பந்தயம் எதற்கு என்பது ஒன்று. அது மருந்தா, ஊக்கமருந்தா என்பது மற்றொன்று. முதல் கேள்வி நோயாளியை வீட்டில் உட்கார வைக்கிறது. இரண்டாவது அவரைக் குற்றவாளியாக்குகிறது. கடந்த அரை நூற்றாண்டின் வரலாறு இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் தருகிறது. மூச்சை முறையாக அளந்து முடிவெடுத்த இடங்களில் வீரருக்கும் பந்தயத்துக்கும் நியாயம் கிடைத்தது. அளக்காமல் விதித்த தடையும், போதிய அளவுகோல் இல்லாமல் கொடுத்த சலுகையும் இரண்டுக்குமே கெடுதல் செய்தன.

உடலை வருத்தினால் இளைப்பு வரும் என்பதைப் பண்டைய கிரேக்க மருத்துவர் அரிட்டேயஸே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் நுரையீரலுக்குள் நேராகப் போய்ச் சேரும் மருந்து எளிதில் கைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறிப்பிட்ட அளவு மருந்து தரும் இன்ஹேலர் 1956இல் விற்பனைக்கு வந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 1969இல் வந்தது. அதற்கு முன்பு பரவலாக இருந்த எபெட்ரின் மாத்திரை இதயத்தையும் நரம்புகளையும் சேர்த்தே தூண்டியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற அமெரிக்கச் சிறுவன் ரிக் டிமாண்ட், ஆஸ்துமா மருந்திலிருந்த எபெட்ரினால் பதக்கத்தை இழந்தான். மருந்து உட்கொள்வதை அவன் முன்கூட்டியே தெரிவித்திருந்தும் பயனில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நிலைமை மாறியிருந்தது. அமெரிக்க அணியின் 597 பேரில் உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்கும் தன்மை 67 பேருக்கு இருந்தது. அவர்கள் வென்ற பதக்கங்கள் 41. நோயைக் கண்டறிந்து தக்க மருந்து கொடுத்தால் இளைப்பு ஒருவரைப் பந்தயத்திலிருந்து விலக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் அமெரிக்க அணியை ஆராய்ந்தபோது, சாலை, மலைச் சைக்கிள் வீரர்களில் பாதிப் பேருக்கு ஆஸ்துமா இருப்பதாகவோ அதற்கான மருந்து எடுப்பதாகவோ தெரிந்தது. இத்தனை பேருக்கு எப்படி ஒரே நோய் வரும் என்ற சந்தேகம் இயல்பானதே. ஆனால் காரணம் சைக்கிளிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் மிதிக்கும் வீரர் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கும் மேல் காற்றை இழுக்கிறார், அதுவும் பெரும்பாலும் வாய்வழியாக. மூக்கு வெதுவெதுப்பாக்கி, ஈரமாக்கி, வடிகட்டித் தரவேண்டிய காற்று குளிராகவும் வறண்டும் மகரந்தத்தோடும் புகையோடும் நேரே உள்ளே இறங்குகிறது. மூச்சுக்குழாயின் உட்படலம் ஈரத்தை இழக்கும்போது தசைகள் இறுகுகின்றன; இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் படலமே புண்படுகிறது. நோயாளிகள் சைக்கிளைத் தேடி வந்தார்கள் என்பதைவிட, சைக்கிள் பந்தயம் சிலரை நோயாளியாக்கியது என்பதே பொருந்தும். மேலும், 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக் முதல் வாய்ச்சொல்லை நம்பாமல், மூச்சுச் சோதனை முடிவைக் காட்டினால்தான் இன்ஹேலருக்கு அனுமதி என்று விதித்தார்கள். அதன் பிறகும் ஆஸ்துமா உள்ள வீரர்கள் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தார்கள், பதக்கமும் வென்றார்கள்.

மருந்தே வேகம் தராதா என்பது அடுத்த மறுப்பு. வழக்கமான அளவில் உறிஞ்சும் சால்பியூட்டமால் ஆரோக்கியமான வீரரின் திறனைக் குறிப்பிடும்படி உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மிக அதிக அளவிலோ மாத்திரையாகவோ எடுப்பது வேறு விஷயம். அதனால்தான் விதிகள் முழுத் தடையை விட்டு அளவுக்கு நகர்ந்தன. அந்த அளவுகோலும் திருத்தப்படவேண்டியிருந்தது. சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராம் என்ற வரம்பை 1320ஆகத் தாண்டிய இத்தாலிய வீரர் அலெசாண்ட்ரோ பெட்டாக்கி, ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட பிறகும் 2008இல் தண்டிக்கப்பட்டார். வியர்த்து நீர் வற்றிய உடலில் சிறுநீர் செறிவாகும் என்பதைக் கணக்கில் எடுக்கும் முறை 2018இல்தான் வந்தது.

உடல் முழுவதும் பரவும் ஸ்டீராய்டு ஊசி விஷயத்தில் மறுப்பாளர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2001 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் குளவி கொட்டி, ஒவ்வாமையால் கண் வீங்கிய வீரர் ஜோனதன் வாட்டர்ஸ், கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டுக்கொள்ள விதி இடம் தராததால் பந்தயத்தை விட்டு விலகினார். பத்தாண்டு கழித்து பிரிட்டிஷ் வீரர் பிராட்லி விக்கின்ஸ், மகரந்த ஒவ்வாமைக்காக உரிய அனுமதியுடன் அவ்வகை ஊசி போட்டுக்கொண்டார். 2012இல் அதே பந்தயத்தை வென்றார். விதி மீறப்படவில்லை. ஆனாலும் 2018இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் குறைகூறியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2022 முதல் போட்டிக் காலத்தில் எல்லா வகை ஸ்டீராய்டு ஊசிகளும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. உறிஞ்சும் ஸ்டீராய்டு அனுமதிக்கப்படுகிறது. நுரையீரலோடு நிற்கும் மருந்தையும் உடலெங்கும் வேலை செய்யும் மருந்தையும் பிரித்துப் பார்க்கும் இந்த ஏற்பாடு சரியானது.

பந்தயத்துக்கு வெளியே சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் இந்த வரலாறு பயன்படும். மூச்சு வாங்குவதெல்லாம் ஆஸ்துமா அல்ல. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் சோதனையே உண்மையைச் சொல்லும். நோய் உறுதியானால் மருத்துவர் சொல்லும் தடுப்பு மருந்தைத் தவறாமல் எடுப்பதும், மெல்ல மிதித்து உடலைச் சூடாக்கிய பிறகு வேகம் கூட்டுவதும், மகரந்தமும் புகையும் மிகுந்த நேரங்களைத் தவிர்ப்பதும் போதிய பாதுகாப்பு. நிவாரண இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். அப்போது மருத்துவரிடம் போகவேண்டும். சைக்கிளைக் கைவிட அது காரணமாகாது.