கன்னத்துக் காயமும் கவிழ்ந்த மகுடமும்

இன்றைக்கு மருந்து மாத்திரை இல்லை, வரலாறு பேசுவோம். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

1) சில வருஷங்களுக்கு முன், பழவேற்காடு ஏரிப் பக்கம் காட்டூரில் மருத்துவ முகாம். கன்னத்தில் வெட்டுக்காயத்தோடு ஒரு பெண் வந்தார். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். அதனால ரத்தம் கொட்டும், ஆனால் சீக்கிரம் ஆறும். தையல் போட்டுட்டு வெளியே வந்தேன்.

"டாக்டர், இவளுக்கும் அந்த ஆளுக்கும் என்ன சங்கதியாம்?"

வெட்டியது யார்னு ஒருத்தரும் கேட்கல.

2) அந்தக் கேள்வியோடதான் பிபிசியின் 'தி ட்ரையல் ஆஃப் கிறிஸ்டின் கீலர்' தொடரைப் பார்த்தேன். 1963இல் பிரிட்டனை உலுக்கிய விவகாரம். போர்த்துறை அமைச்சர் ஜான் புரோஃபியூமோவுக்கு இளம்பெண் கீலருடன் உறவு. நாடாளுமன்றத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, பதவி விலகினார்.

3) சரி, அது லண்டன். நம்ம நாட்டில்? இருக்கு.

1925 ஜனவரி 12, பம்பாய் மலபார் ஹில். பணக்கார வியாபாரி அப்துல் காதர் பாவ்லாவும் மும்தாஜ் பேகமும் காரில் போகிறார்கள். மும்தாஜ், இந்தூர் மகாராஜா மூன்றாம் துக்கோஜி ராவ் ஹோல்கரின் அந்தப்புரத்திலிருந்து தப்பி வந்த நடனப் பெண். தான் பெற்ற பெண் குழந்தையை அங்கே கொன்றுவிட்டார்கள் என்பது அவர் வாக்குமூலம்.

4) இன்னொரு கார் வந்து மோதி வழிமறிக்கிறது. பாவ்லா சுடப்பட்டு இறக்கிறார். மும்தாஜை இழுத்துப்போகப் பார்க்கிறார்கள், முகத்தைக் கத்தியால் கிழிக்கிறார்கள். கோல்ஃப் ஆடிவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் குறுக்கே புகுந்ததால் உயிர் பிழைத்தார்.

5) வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்காக வாதாடியவர் யார் தெரியுமா? முகமது அலி ஜின்னா! தையல் போட்ட முகத்தோடு மும்தாஜ் கூண்டேறி சாட்சி சொன்னார். மூன்று பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

6) மகாராஜா? "விசாரணைக் கமிஷனா, முடி துறப்பா?" என்று கேட்டது பிரிட்டிஷ் அரசு. 1926இல் மகனிடம் அரியணையைக் கொடுத்து ஒதுங்கினார். நீதிமன்றத்தை அவர் மிதிக்கவே இல்லை. 1928இல் அமெரிக்கப் பெண் நான்சி மில்லரை மணந்தார்.

7) லண்டனிலும் இதே கணக்குதான். தொடர்புள்ள வேறொரு வழக்கில் பொய் சாட்சி சொன்னதற்காக கீலருக்கு 9 மாதம் சிறை. நாடாளுமன்றத்தில் பொய் சொன்ன புரோஃபியூமோவுக்கு, அறப்பணிக்காக 1975இல் அரசு விருது.

8) பெயர்களைக் கவனிங்க. அங்கே 'புரோஃபியூமோ விவகாரம்'. இங்கே 'பாவ்லா கொலை வழக்கு'. ஊர் பேசியதெல்லாம் பெண்ணைப் பற்றி. வரலாற்றில் நின்றது ஆணின் பெயர். அந்தத் தொடர் கீலரின் பெயரைத் தலைப்பில் வைத்தது எனக்குப் பிடித்தது அதனால்தான்.

9) காட்டூரில் அன்றைக்கு நான் சொன்ன பதில்: "அவங்களுக்கு வலிக்குது. வழி விடுங்க."

உங்க தெருவில் இப்படி ஒரு கதை கிளம்பினால், உறவு என்னன்னு கேட்காதீங்க. காயம் எப்படின்னு கேளுங்க. உதவி வேண்டுமென்றால் 181, பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும்.